தென்னிந்தியக் காசநோய்க் கிருமி

தென்னிந்தியாவில் காசநோயை உண்டாக்கும் கிருமிகளில் பெரும்பகுதி அக்கிருமிக் குலத்தின் பழைய கிளையைச் சேர்ந்தவை. முதலாம் மரபுவழி எனப்படும் இக்கிளை, கிழக்கு ஆப்பிரிக்கா முதல் பிலிப்பைன்ஸ் வரை இந்தியப் பெருங்கடலை ஒட்டிய நாடுகளில் பரவிக் கிடக்கிறது. வட இந்தியாவில் மூன்றாம் மரபுவழியும் சீனாவில் இரண்டாம் மரபுவழியும் மேலோங்கி நிற்கின்றன. இந்த வேறுபாட்டின் முதல் தடயம், மரபணுவைப் படிக்கும் வசதி வருவதற்கு வெகுகாலம் முன்பே சென்னையில் கிடைத்தது.

1882-இல் ராபர்ட் காக் இக்கிருமியைக் கண்டறிந்த பிறகும் சுமார் அறுபது ஆண்டுகள் வரை மருத்துவர்களின் கையில் பெரும்பாலும் இருந்தவை ஓய்வு, நல்ல உணவு, நல்ல காற்று ஆகியவைதாம். மருத்துவர் சௌரி முத்து 1928-இல் தாம்பரத்தில் தொடங்கிய, நோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் சானடோரியம் அந்த நம்பிக்கையில் எழுந்தது. அதே பத்தாண்டில்தான் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் கற்ற தீப்பெட்டித் தொழிலைச் சிவகாசிக்குக் கொண்டுவந்தனர். பட்டாசும் அச்சும் பின்னால் சேர்ந்தன. அங்கே செய்த எண்ணிக்கைக்குக் கூலி பெறும் குடும்பத்துக்கு, சுமார் 500 கிலோமீட்டர் தள்ளியுள்ள சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுத்திருப்பது நடக்கிற காரியம் அல்ல.

1956-இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கப்பட்ட காசநோய் வேதிச்சிகிச்சை மையம் இந்தச் சிக்கலை நேராக எடுத்துக்கொண்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை கூடி அமைத்த மையம் அது. வாலஸ் ஃபாக்ஸ் அதன் முதல் இயக்குநர். சென்னையின் ஏழை நோயாளிகள் 193 பேரில் ஒரு பாதியினருக்கு வீட்டிலும் மறுபாதியினருக்குச் சானடோரியத்திலும் ஓராண்டு ஐசோனியசிட், பி.ஏ.எஸ். மாத்திரைகள் தரப்பட்டன. வீட்டில் இருந்தவர்களுக்கு உணவும் ஓய்வும் குறைவு. ஆயினும் குணமடைந்ததில் பெரிய வேறுபாடு இல்லை. வீட்டாருக்குத் தொற்றும் அபாயமும் கூடவில்லை. 1959-இல் வெளியான இம்முடிவு உலகெங்கும் சானடோரியங்களின் காலத்தை முடித்துவைத்தது. தமிழகம் மருத்துவ உலகுக்குத் தந்த கொடைகளில் இதற்கு முதல் வரிசையில் இடம் உண்டு.

அந்த நோயாளிகளின் சளியிலிருந்து வளர்த்த கிருமிகளைத்தான் ஆய்வாளர் டெனிஸ் மிட்சிசன் குழுவினர் கினி எலிகளுக்குச் செலுத்திப் பார்த்தனர். பிரிட்டிஷ் நோயாளிகளின் கிருமிகளை விடச் சென்னைக் கிருமிகளில் பல, எலிகளுக்குக் குறைந்த கேடே செய்தன. 1960-இல் வந்த இச்செய்தியை அடுத்து, 1963-இல் இன்னொன்றும் வந்தது: தென்னிந்தியக் கிருமிகள் ஹைட்ரஜன் பெராக்சைடுக்கு எளிதில் மடிகின்றன. மனித உடலில் அவை சாது அல்ல. சென்னை நோயாளிகள் பலருடைய நுரையீரல் மோசமாகச் சிதைந்திருந்தது.

பெராக்சைடு ஏன் முக்கியம் என்பது, கிருமி நோய் உண்டாக்கும் முறையில் இருக்கிறது. இருமலில் தெறிக்கும் நுண்துளி வழியாக நுரையீரலின் காற்றறைக்குள் செல்லும் கிருமியை மேக்ரோஃபேஜ் என்னும் காவல் செல் விழுங்குகிறது. விழுங்கியதைப் பெராக்சைடு போன்ற ரசாயனங்களால் தாக்கி, பிறகு செரிமானப் பையான லைசோசோமுடன் சேர்த்து அழிப்பது அச்செல்லின் வழக்கம். காசக் கிருமியோ அந்தச் சேர்க்கையைத் தடுத்துவிடுகிறது. மைக்காலிக் அமிலம் நிறைந்த மெழுகுச் சுவர் அதற்குக் கவசம். இஎஸ்எக்ஸ்-1 என்னும் சுரப்பு அமைப்பு வெளிவிடும் புரதங்கள், கிருமியைச் சூழ்ந்த சவ்வையே சிதைக்கின்றன. உடல் அந்த இடத்தைச் செல்களால் சூழ்ந்து முடிச்சாக்குகிறது. பலருக்குக் கிருமி அதற்குள் ஆண்டுக்கணக்கில் அடங்கிக் கிடக்கும். முடிச்சின் நடுப்பகுதி சிதைந்து மூச்சுக்குழலுக்குள் உடைந்தால் குழி விழுகிறது, சளியில் கிருமி பெருகுகிறது, நோய் அடுத்தவருக்குப் போகிறது. ஒருமுறை இரட்டிக்கச் சுமார் 20 மணி நேரம் எடுக்கும் இந்த மந்தமான கிருமியை ஒழிக்க மாதக்கணக்கில் மருந்து வேண்டியிருப்பதும் இயல்பே.

1968-இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய மாபெரும் பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வு, நுரையீரல் காசத்திலிருந்து அத்தடுப்பூசி காக்கவில்லை என்று காட்டியபோது, கூறப்பட்ட காரணங்களில் இந்த வலுக்குன்றிய கிருமியும் ஒன்று. அந்த விவாதம் இன்னும் தீரவில்லை.

கிருமியின் முழு மரபணுத் தொகுப்பு, சுமார் 44 லட்சம் எழுத்துகள், 1998-இல் படிக்கப்பட்டது. 2002-இல் டிபிடி1 என்னும் துண்டு கவனத்துக்கு வந்தது. சுமார் 2000 எழுத்து நீளமுள்ள இத்துண்டு முதலாம் மரபுவழியில் அப்படியே இருக்கிறது. உலகெங்கும் பரவிய புதிய கிளைகள் அதை இழந்துவிட்டன. இழப்பால் கிருமிக்கு ஆதாயமே: டிபிடி1 போன கிருமி பெராக்சைடு போன்ற ஆக்சிஜனேற்றத் தாக்குதலையும் ஆக்சிஜன் பற்றாக்குறையையும் கூடுதலாகத் தாங்குகிறது என்று 2020-இல் வெளியான ஆய்வு காட்டியது. 1963-இன் சோதனைக்குழாய்கள் சொன்னதற்கு, முழு விளக்கம் இல்லாவிட்டாலும், மரபணு அளவில் ஒரு விளக்கம் அப்போது கிடைத்தது.

வீடா, மருத்துவமனையா என்ற பழைய கேள்விக்கு இப்போது நுட்பமான விடை தேவைப்படுகிறது. காசநோயாளிகளில் இறப்பவர் பெரும்பாலும் சிகிச்சை தொடங்கிய முதல் இரு மாதங்களில் இறக்கிறார்கள். 2022-இல் தொடங்கிய தமிழ்நாடு காசநோய் இறப்பில்லாத் திட்டம் இதற்காகவே ஏற்பட்டது. நோய் உறுதியானதும் எடை, மூச்சு வேகம், ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு, கால் வீக்கம், தானாக எழுந்து நிற்க முடிகிறதா என்பவற்றைப் பார்த்து, நிலை மோசமானவரை உடனே மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். மற்றவர்கள், சிவகாசி இருக்கும் விருதுநகர் மாவட்டத்திலும், வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிடுகிறார்கள்.