தங்க மீன் வெளுத்துப்போகுதா? முதல்ல தீவன டப்பாவைப் பாருங்க!

பள்ளிப்பட்டுல இருந்து பஸ் ஏறி, சென்னை கொளத்தூர் வண்ண மீன் கடைகளை ஒரு ரவுண்டு சுத்திட்டு, ஆக்சிஜன் நிரப்பின கவர்ல நாலு தங்க மீன் வாங்கிட்டு வர்றீங்க. கடையில தகதகன்னு ஆரஞ்சு நிறத்துல இருந்த மீன், ரெண்டே மாசத்துல வெளிறிப்போகுது. 'கடைக்காரர் ஏமாத்திட்டாரோ?' என்றுதான் முதலில் தோன்றும். ஆனால், பல நேரம் காரணம் நீங்கள் தினமும் போடும் தீவனத்தில்தான் இருக்கிறது.

நிறம் எங்கிருந்து வருது?

கறுப்பு நிறத்தை மீனின் உடலே தயாரித்துக்கொள்ளும். வெள்ளிப் பளபளப்பும் பெரும்பாலான நீலமும், தோலில் உள்ள நுண்ணிய படிகங்களில் ஒளி பட்டுத் தெறிப்பதால் வருபவை. ஆனால் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சளுக்குப் பெரும்பாலும் 'கரோட்டினாய்டு' என்ற நிறமி வேண்டும். இதை மீனால் சொந்தமாக உருவாக்க முடியாது, சாப்பாட்டிலிருந்துதான் எடுத்தாகணும்.

இறாலை வேகவைத்ததும் சிவக்குது இல்லையா? அந்தச் சிவப்புதான் 'அஸ்டாக்ஸாந்தின்' என்ற கரோட்டினாய்டு. கீரை, புல் மேயும் நாட்டுக்கோழியின் முட்டையில் மஞ்சள் கரு அடர்த்தியாக இருப்பதற்கும் இதே வகை நிறமிகள்தான் காரணம். அதனால், நீல நிற ஃபைட்டருக்கு 'கலர் ஃபீடு' போட்டால் நீலம் கூடும் என்று எதிர்பார்க்காதீங்க.

என்ன கொடுக்கலாம்?

* ஸ்பைருலினா: இந்தப் பாசியில் இருக்கும் ஸியாஸாந்தினை, தங்க மீன் தன் உடலிலேயே அஸ்டாக்ஸாந்தினாக மாற்றிக்கொள்ளும்.
* இறால், ஆர்ட்டீமியா: நிறம், புரதம் இரண்டும் கிடைக்கும். கப்பிக் குஞ்சுகளுக்கு, பொரித்த ஆர்ட்டீமியா அருமையான உணவு.
* செண்டுமல்லி, சிவப்பு மிளகாய்ச் சாறு: தீவன டப்பாவின் லேபிளில் இவை இருக்கான்னு பாருங்க. அடுப்படி மிளகாய்த்தூளைத் தொட்டியில் தூவிடாதீங்க!
* டியூபிஃபெக்ஸ் புழு: மீன் ஆசையாகச் சாப்பிடும். ஆனால், சாக்கடைக் கழிவு கலந்த நீரில் வளர்வது என்பதால், நோயையும் சேர்த்துக் கொண்டுவரலாம்.

எதுவாக இருந்தாலும் ஒரே வாரத்தில் மாற்றம் தெரியாது. நிறம் ஏற சில வாரங்கள் ஆகும்.

வளர்ச்சிக்கு?

இங்கே முக்கியம் புரதம். குஞ்சுகளுக்கு 40 சதவிகிதமோ அதற்கு மேலோ தேவைப்படும். வளர்ந்த தங்க மீனுக்கு 30 சதவிகிதம் அளவில் இருந்தால் போதும். வைட்டமின் சி குறைந்தால் முதுகெலும்பு வளைந்துபோகலாம். திறந்து வைத்த டப்பாவில் இந்த வைட்டமின் சீக்கிரம் வீணாகிவிடும். அதனால், மலிவாகக் கிடைக்குதேன்னு கிலோ கணக்கில் வாங்காமல், சின்ன டப்பாவாக வாங்கி, இறுக்கமா மூடி, வெயில் படாத இடத்துல வையுங்க.

அளவு ரொம்ப முக்கியம்!

நிறம் வரட்டும்னு அள்ளிப் போடுறதுதான் பெரிய ஆபத்து. தங்க மீனுக்கு நம்மைப் போல இரைப்பையே கிடையாது. உணவு நேராகக் குடலுக்குப் போகும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு நாளைக்கு 2 முறை, 2 நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுக்குக் கொடுத்தால் போதும். மிச்சமாகும் தீவனம் அழுகி அம்மோனியாவாக மாறும். நிறத்துக்காகப் போட்ட தீவனமே மீனின் உயிரை எடுத்துவிடும்.

எல்லாத்துக்கும் தீவனம் காரணமில்லை

சில தங்க மீன்கள் மரபணு காரணமாகவே வளர வளர வெள்ளையாகும். வெளிச்சமில்லாத தொட்டியிலும் நிறம் மங்கும். ஆண் ஹார்மோன் கலந்த தீவனம் கொடுத்து நிறம் ஏற்றிய மீன்களும் சந்தையில் உண்டு. அந்தத் தீவனம் நின்றதும் வெளுத்துவிடும். வயதுக்கு மீறிய நிறத்தில் மின்னும் குட்டி மீன்களைப் பார்த்தால் கொஞ்சம் யோசிங்க.

நிறம் மங்குவதோடு, மீன் துடுப்பை மடக்கிக்கொண்டு ஒரு மூலையில் ஒதுங்கினால், தீவனத்தை மாற்றுவதற்கு முன்னால் தண்ணீரைப் பரிசோதிங்க. அடுத்த முறை மீன் வாங்கும்போது, 'இதுக்கு என்ன தீவனம் போட்டீங்க?' என்று கடைக்காரரிடம் மறக்காம கேளுங்க. விலையைவிட முக்கியமான கேள்வி அதுதான்!