57-ல் 54

"ஆபரேஷன் சக்சஸ், ஆனா பேஷண்ட் அவுட்" என்று ஜோக் அடிப்போம் இல்லையா? மலக்குடல் புற்றுநோய் அறுவை சிகிச்சையின் வரலாறும் கிட்டத்தட்ட அப்படித்தான் ஆரம்பிக்கிறது நண்பர்களே.

லண்டனில் எர்னஸ்ட் மைல்ஸ் என்றொரு சர்ஜன். அப்போதெல்லாம் கட்டியைப் பெரும்பாலும் ஆசனவாய்ப் பக்கமிருந்துதான் வெட்டி எடுப்பார்கள். 1899 முதல் 1906 வரை 57 பேருக்கு அவரும் அப்படித்தான் செய்தார். ஆனால் அத்தோடு விடவில்லை, பிறகு என்ன ஆனார்கள் என்று கணக்கெடுத்தார். 54 பேருக்கு நோய் திரும்பியிருந்தது!

இறந்தவர்களின் உடலைப் பரிசோதித்ததில் காரணம் தெரிந்தது. நோய் நிணநீர்ப் பாதை வழியாக மேலேயும் பரவியிருந்தது. 1908-ல் புது முறையை வெளியிட்டார். வயிற்றையும் திறந்து, கீழிருந்தும் வெட்டி, மலக்குடலை நிணநீர் முடிச்சுகளோடு எடுப்பது. முதல் 12 பேரில் 5 பேர் இறந்துபோனார்கள். பிழைத்தவர்களுக்கு ஆயுள் முழுக்க வயிற்றுத் துளை வழியாகத்தான் மலம் போகும். ஆனாலும் நோய் திரும்புவது வெகுவாகக் குறைந்தது.

அடுத்த பெரிய திருப்பம் 1982-ல். இங்கிலாந்தின் பேசிங்ஸ்டோக்கில் பில் ஹீல்ட் என்பவர், மலக்குடலைச் சுற்றியுள்ள கொழுப்பு உறையைக் கிழியாமல் முழுசாக எடுக்கச் சொன்னார். 1986-ல் அவர் தந்த கணக்குப்படி, 5 வருடத்தில் அதே இடத்தில் நோய் திரும்பியது 4 சதவீதத்துக்கும் குறைவு. பலருக்கு ஆசனவாயும் தப்பியது. குடலை இணைத்த இடத்தில் கசிவு வரும் ஆபத்து மட்டும் இன்றும் இருக்கிறது.

காமர்ஸ் படிக்கும் எனக்குப் பிடித்தது மைல்ஸைத்தான். நஷ்டக் கணக்கை மறைக்காமல் எழுதினாரே... அங்கேதான் எல்லாம் ஆரம்பித்தது.