பாட்டை எப்படிப் படம் பிடிப்பது? நம்ம ஊர் தொண்ணூறு வருஷமாகப் படித்த பாடம்



உங்களில் பலர் பிள்ளைகளின் அரங்கேற்றம், பாட்டுப் போட்டி, பள்ளி ஆண்டு விழா வீடியோக்களை எனக்கு அனுப்பி, "எப்படி இருக்கு டீச்சர்?" என்று கேட்கிறீர்கள். சிலர் சொந்தமாகவே பாட்டு வீடியோ எடுத்து யூடியூபில் போடுகிறீர்கள். தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட எல்லாருக்கும் சேர்த்து ஒரு வரலாற்றுப் பாடமாகவே எழுதிவிடலாம் என்று தோன்றியது. கொஞ்சம் நீளம்தான். காபியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

பாட்டைப் படம் பிடிக்கும் கலை 1981-இல் அமெரிக்காவில் எம்.டி.வி. வந்த பிறகு பிறந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கு அரை நூற்றாண்டு முன்பே நம் ஊரில் அந்தக் கடை திறந்தாகிவிட்டது. மயிலாப்பூரில் சபா, கூப்பிடு தூரத்தில் கோடம்பாக்கம் ஸ்டூடியோ. இரண்டுக்கும் நடுவில் வளர்ந்தவர்கள் நாம்.

முதல் பாடம்: நகர முடியாத கேமரா

முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' 1931-இல் பம்பாயில் தயாரானது. சென்னையில் ஒலிப்பதிவு வசதியோடு ஸ்டூடியோ வந்தது 1934-இல். ஏ. நாராயணன் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் தொடங்கிய ஸ்ரீனிவாசா சினிடோன் அது. அந்தக் காலத்தில் நடிகர் நடித்துக்கொண்டே பாட வேண்டும். பக்கவாத்தியக்காரர்கள் திரையில் தெரியாமல் மரத்துக்குப் பின்னாலும் திரைக்குப் பின்னாலும் உட்கார்ந்து வாசிப்பார்கள். கேமராவை நகர்த்தினால் அதன் சத்தமும் சேர்ந்து பதிவாகிவிடும். அதனால் பாட்டு முடியும்வரை கேமரா ஒரே இடத்தில் நிற்கும். நல்ல பாடகர் கிடைத்தால் பாட்டு பிழைக்கும். இல்லாவிட்டால் காப்பாற்ற வேறு வழி கிடையாது.

இந்தக் கட்டை அவிழ்த்தது பின்னணி பாடுதல். ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் 1938-இல் 'நந்தகுமார்' படத்தில் ஒருவர் நடிக்க, லலிதா வெங்கட்ராமன் குரலைப் பயன்படுத்தினார். 1945-இல் 'ஸ்ரீவள்ளி'யில் கதாநாயகி ருக்மிணியின் பாட்டுகள் திருப்தி தராததால், ஏற்கெனவே எடுத்த படத்தின் வாயசைப்புக்குப் பொருந்தும்படி பி.ஏ. பெரியநாயகியைப் பாட வைத்துச் சேர்த்தார். பாட்டு தனி, படம் தனி என்று ஆன பிறகு கேமராவுக்குக் கால் முளைத்தது. பாட்டை முதலில் பதிவு செய்து, படப்பிடிப்பில் ஒலிபெருக்கியில் ஓடவிட்டு, துண்டு துண்டாக எடுத்து ஒட்டலாம். படத்தொகுப்பாளரின் கத்தரிக்கு வேலை வந்தது. கூடவே, ஆடத் தெரியாதவரையும் ஆடுகிறவராகக் காட்டலாம் என்கிற ஆசையும் வந்தது. நல்லதும் கெட்டதும் ஒரே நாளில் பிறந்தன.

இரண்டாம் பாடம்: வெட்டு கதை சொல்ல வேண்டும்

அதே 1945-இல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கி எம்.எஸ். சுப்புலட்சுமி நடித்த 'மீரா' வந்தது. டங்கன் அமெரிக்கர், தமிழ் தெரியாதவர். எம்.எஸ். முகத்தைப் போலவே ஒரு சிலை செய்து வைத்து, எந்தக் கோணத்தில் எந்த வெளிச்சம் பொருந்தும் என்று ஒளிப்பதிவாளர் ஜிதன் பானர்ஜியோடு முன்கூட்டியே சோதித்துப் பார்த்தார். படத்தில் குழந்தை மீராவாக நடித்தவர் ராதா. குழந்தை பாடத் தொடங்கி, அந்தப் பாட்டு முடிவதற்குள் வளர்ந்த மீராவாகிவிடுகிறாள். "பத்து ஆண்டுகள் கழிந்தன" என்ற எழுத்துப் பலகை தேவைப்படவில்லை. பாட்டு நிற்காமல் ஓடுகிறது, அதற்குள் காலமும் ஓடிவிடுகிறது. வெட்டு என்றால் இதுதான்.

மூன்று வருஷம் கழித்து, 1948-இல், எஸ்.எஸ். வாசனின் 'சந்திரலேகா'. பஸ்ஸில் ஏறி "ஜெமினி" என்று டிக்கெட் கேட்கிறோமே, அந்த ஜெமினி ஸ்டூடியோவின் படம். அதன் முரசு நடனத்தில் மாபெரும் முரசுகள் மீது நூற்றுக்கணக்கானோர் ஆடுகிறார்கள். ஹாலிவுட்டில் 1930-களில் பஸ்பி பெர்க்லி நடனப் பெண்களைப் பூக்கோலம் போல அடுக்கி மேலிருந்து எடுத்துப் புகழ் பெற்றிருந்தார். ஆனால் அங்கே கோலம் கோலமாகவே நிற்கும். இங்கே முரசுக்குள் வீரர்கள் ஒளிந்திருக்கிறார்கள் என்பதால், ஆடுகிறவர்களையும் பார்த்துக்கொண்டிருக்கும் வில்லன் ரஞ்சனையும் மாறிமாறிக் காட்டும்போது நமக்கு நெஞ்சு படபடக்கும். ஆட்டம் முடிந்து முரசு திறக்கும்போது கதையும் திறக்கிறது. பிரம்மாண்டம் அலுக்காமல் இருப்பதற்கு இந்தக் காரணம் போதும்.

பிரம்மாண்டம் இல்லாமலும் செய்யலாம் என்று காட்டியவர் ஸ்ரீதர். 1962-இல் வந்த 'நெஞ்சில் ஓர் ஆலயம்' பெரும்பாலும் ஒரு மருத்துவமனை செட்டுக்குள்ளேயே நடக்கும். தேவிகா சிதார் மீட்டிப் பாடும் பாட்டில், ஏ. வின்சென்ட்டின் கேமரா நோயாளியின் கட்டிலுக்கு அடியில் புகுந்து போகும். நோயாளிக்கும் மனைவிக்கும் நடுவில் ஒரு கட்டில்தான் இருக்கிறது, ஆனால் அதுவே பெரிய தூரம் என்று அந்த நகர்வு சொல்லிவிடும். பாட்டின் பொருளுக்காக நகர்ந்த கேமரா அது.

மூன்றாம் பாடம்: கருவி கையில் இருக்கிறது என்பதற்காக ஆட்டக்கூடாது

எழுபதுகளில் ஜூம் லென்ஸ் எல்லார் கையிலும் வந்தது. பல்லவி வந்தால் முகத்தை நோக்கி ஒரு பாய்ச்சல், அனுபல்லவி வந்தால் பின்னால் ஒரு பாய்ச்சல். ஒரே முகத்தை ஐந்தாறாகக் காட்டும் கண்ணாடி வித்தை வேறு. இன்று பார்த்தால் பாட்டு இளமையாகவே இருக்கிறது, படப்பிடிப்பு மட்டும் கிழடு தட்டிவிட்டது. புதுக் கருவியைக் காட்டுவதற்காகவே எடுத்தது எல்லாம் அந்தக் கருவியோடு சேர்ந்து பழசாகிவிடுகிறது.

சென்னைத் தொலைக்காட்சி 1975-இல் வந்தது. வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' பார்க்க ஒரு தெருவே ஒரு வீட்டில் கூடும் என்பது உங்களில் நாற்பதைத் தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும். அகலத் திரைக்காக எடுத்த பாட்டுகள் அந்தச் சதுரப் பெட்டிக்குள் வரும்போது இரண்டு ஓரமும் வெட்டுப்பட்டு, குழு நடனத்தில் பாதிப் பேர் காணாமல் போவார்கள். எந்தத் திரையில் பார்ப்பார்கள் என்று தெரிந்து எடுக்க வேண்டும் என்ற பாடம் அதில் இருக்கிறது. இன்று போனை நிமிர்த்திப் பிடித்து எடுக்கிற ரீல்ஸுக்கும் அது பொருந்தும்.

எண்பதுகளில் மணிரத்னமும் பி.சி. ஸ்ரீராமும் வெளிச்சத்தையே தாளமாக்கினார்கள். 'அக்னி நட்சத்திரம்' (1988) பாட்டுகளில் மின்னும் ஒளியும் புகையும் பின்னாலிருந்து அடிக்கும் வெளிச்சமும் பாட்டின் துடிப்போடு சேர்ந்தே வரும். படத்தொகுப்பு பி. லெனின், வி.டி. விஜயன். பின்னால் வந்தவர்கள் புகையையும் மின்னலையும் மட்டும் எடுத்துக்கொண்டார்கள், துடிப்பை விட்டுவிட்டார்கள்.

1994-இல் ஷங்கரின் 'காதலன்' வந்தது. அதே லெனின்–விஜயனுக்குப் படத்தொகுப்புக்கும், வெங்கிக்குச் சிறப்புக் காட்சிகளுக்கும் தேசிய விருது கிடைத்தது. பிரபுதேவாவின் தலையும் கைகளும் மறைந்து உடை மட்டும் ஆடுகிற இடத்தைக் கவனியுங்கள். அதற்கு முன்னால் அவர் முழு உடம்போடு ஆடுவதை நன்றாகக் காட்டிவிடுகிறார்கள். அந்த உடல் எப்படி வளையும் என்று நம் கண் பழகிவிட்டதால், உடம்பு மறைந்த பிறகும் நம் கண்ணே அதை வரைந்துகொள்கிறது.

ஏறக்குறைய அதே சமயத்தில் கணினியில் படம் தொகுக்கும் வசதி வந்தது. கமல்ஹாசனின் 'மகாநதி' (1994) அதைப் பயன்படுத்திய முதல் இந்தியப் படங்களில் ஒன்று. அதுவரை பிலிமைக் கையால் வெட்டி ஒட்ட வேண்டும். தவறாக வெட்டினால் மறுபடி ஒட்டுவது தனி வேலை. அதனால் யோசித்த பிறகே வெட்டினார்கள். இப்போது விரல் நுனியில் வெட்டலாம். விலை இல்லாத பொருளை யாரும் சிக்கனமாகச் செலவழிப்பதில்லை.

கொஞ்சம் கணக்கு

டீச்சர் எழுதினால் கணக்கு இல்லாமல் இருக்குமா? திரைப்படம் ஒரு நொடிக்கு 24 ஃபிரேம். நிமிடத்துக்கு 120 தட்டு உள்ள பாட்டில் ஒரு தட்டுக்கு அரை நொடி, அதாவது 12 ஃபிரேம். வெட்டு அந்தத் தட்டில் விழுந்தால் கண்ணும் காதும் கை கோக்கும். நான்கு ஃபிரேம் தள்ளி விழுந்தால், ஏன் என்று தெரியாமலே மனம் இடறும். ஆனால் எல்லாத் தட்டிலும் வெட்டினால் ஒரு நிமிடத்தில் 120 காட்சிகள்! தாளம் போடுகிறவர் ஓயாமல் தொடையில் ஓங்கி அடித்துக்கொண்டே இருந்தால் எப்படி இருக்கும்? சமத்தில் ஒரு அழுத்தம் போதும்.

இன்னொன்று. கூந்தலும் முந்தானையும் மெதுவாக மிதக்க, உதடு மட்டும் பாட்டோடு பொருந்துவது எப்படி? பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, நடிகர் அந்த வேகத்துக்கு வாயசைக்க, 48 ஃபிரேமில் எடுப்பார்கள். 24-இல் ஓட்டும்போது உதடு சரியாகிவிடும், மற்றது மிதக்கும். காதல் பாட்டுக்கு அழகு. ஜதிக்கு இது ஆகாது. மிருதங்கம் முழங்க, கால் மட்டும் தண்ணீருக்குள் நடப்பது போல இருக்கும்.

நான்காம் பாடம்: பாலசரஸ்வதி

இதுதான் இந்தப் பதிவின் முக்கியமான இடம். சத்யஜித் ராய் 1976-இல் நம் பாலசரஸ்வதி அம்மாளைப் பற்றி 'பாலா' என்ற ஆவணப் படம் எடுத்தார். சுமார் 33 நிமிடம். அப்போது அம்மாளுக்கு அறுபதை நெருங்கும் வயது. இளமையில் அவர் ஆடியதற்குச் சொல்லிக்கொள்ளும்படி படப் பதிவு இல்லை. 1984-இல் மறைந்துவிட்டார்.

அந்தப் படத்தில் கண்ணனை அழைக்கும் பதத்தை ராய் கடற்கரையில் எடுத்திருக்கிறார். கடல் அழகு, வானம் அழகு. ஆனால் காற்று சேலையை இழுக்கிறது, அலை கண்ணை இழுக்கிறது. உலகமே வியந்த அபிநயம் விரல் நுனியிலும் புருவத்திலும் இருக்கிறது, அதோடு கடல் போட்டி போடுகிறது. கடைசியில் வரும் பதவர்ணத்தைப் பாருங்கள். எளிமையான பின்னணி. கேமரா பதறாமல் நின்று, ஆடுகிறவருக்கு வழி விடுகிறது. ஒரு கை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று முழுசாகத் தெரிகிறது. ஒரே இயக்குநர், ஒரே நடனக் கலைஞர், ஒரே படம். அதற்குள்ளேயே இரண்டு விதப் பாடமும் இருக்கின்றன. ஹாலிவுட்டில் ஃப்ரெட் அஸ்டேர் தம் ஆட்டத்தைத் தலை முதல் கால்வரை, முடிந்தவரை வெட்டாமல் எடுக்கச் சொல்லிப் பிடிவாதம் பிடித்தவர். காரணம் இதேதான்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? இரண்டு வருஷம் முன்பு மயிலாப்பூரில் ஒரு சபாவில் என் அக்கா பேத்திக்கு அரங்கேற்றம். ஒன்பது வருஷம் கற்றுக்கொண்ட குழந்தை. மூன்று கேமரா, தொங்கு கேமரா வேறு. வீடியோ வந்தது. வர்ணத்தில் கடைசித் தீர்மானம் வரும் இடத்தில் முதல் வரிசைப் பிரமுகர், நட்டுவாங்கக் கை, குத்துவிளக்கு, பூ அலங்காரம், மறுபடி பிரமுகர். குழந்தையின் கால் அந்தத் தீர்மானத்தில் ஒரு முறைகூட வரவில்லை. அந்தப் பகுதியை எடுத்த முழுப் பதிவும் அழிக்கப்பட்டுவிட்டது என்றார்கள். மேடையில் அவள் சரியாக ஆடினாள், நாங்கள் எல்லாரும் பார்த்தோம். அவள் பேத்தி பார்க்க அது கிடையாது.

அண்மைக் காலம்

எல்லாம் கெட்டுவிட்டது என்று புலம்புகிறவள் இல்லை நான். 2008-இல் ஜெயேந்திரா இயக்கிய 'மார்கழி ராகம்' பாம்பே ஜெயஸ்ரீ, டி.எம். கிருஷ்ணா கச்சேரியையே திரையரங்குக்கான படமாக்கியது. ஒளிப்பதிவு பி.சி. ஸ்ரீராம். மின்னலும் புகையும் கையாண்ட அதே மனிதர், கச்சேரி என்றதும் அடக்கி வாசித்தார்.

2011 நவம்பரில் தனுஷின் கொலவெறிப் பாட்டு ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடுவது போன்ற வீடியோவாக வந்து உலகைச் சுற்றியது. செட்டு இல்லை, குழு நடனம் இல்லை. நாலு பேர் ரசித்துச் சிரித்துப் பாட்டு உருவாக்குவதைப் பார்க்கிற சுகம்தான் அது. 2017-இல் வந்த சென்னைப் புறம்போக்குப் பாடலில் டி.எம். கிருஷ்ணாவை எண்ணூரின் சாம்பல் மேட்டில் உட்கார வைத்துப் பாட வைத்தார்கள். அந்த இடத்தைப் பற்றித்தான் பாட்டு. அதனால் பின்னணி போட்டி போடவில்லை, சாட்சி சொன்னது. 2019 தொடக்கத்தில் வீடியோவாக வந்த 'ரவுடி பேபி'க்கு நடனம் அமைத்தவர் பிரபுதேவா. சாய் பல்லவியும் தனுஷும் உண்மையிலேயே ஆடுகிறார்கள் என்பதை மறைக்காமல் காட்டியதும் அந்தப் பாட்டின் வெற்றிக்கு ஒரு காரணம்.

ஆக, என் கண்ணுக்குத் தெரிந்த விதி ஒன்றுதான். திறமை இருக்கும் இடத்தில் கேமரா நம்பி நிற்க வேண்டும். கதை நகரும் இடத்தில் கத்தரி வேலை செய்ய வேண்டும். இரண்டும் இல்லாத இடத்தில் வெட்டினால் அது ஏதோ ஒன்றை மறைக்கத்தான்.

வரும் மார்கழிக்கு வீடியோ எடுக்கப்போகும் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம்:

1. ஒரு கேமராவை ஸ்டாண்டில் வைத்து, தலை முதல் கால்வரை, தொடக்கம் முதல் முடிவுவரை ஓடவிடுங்கள். அதை யாரும் தொடக்கூடாது.

2. ஜதி, தீர்மானம் வரும்போது முழு உருவம். அபிநயம் வரும்போது கையும் முகமும் ஒன்றாகத் தெரியும் அளவு. முகம் மட்டும் என்றால் முத்திரை போய்விடும்.

3. பாட்டில் நிரவல், ஸ்வரம் உச்சத்துக்குப் போகும்போது பாடுகிறவரை விட்டுப் போகாதீர்கள். வயலின் தனியாக வாசிக்கும்போது வயலினுக்குப் போங்கள்.

4. பிரமுகர்களை இடைவேளையில் எடுங்கள்.

5. காசு கொடுத்து எடுப்பவர்கள், தொகுத்த வீடியோவோடு தொகுக்காத பதிவையும் கேட்டு வாங்கி, இரண்டு இடத்தில் பத்திரப்படுத்துங்கள். இதை முன்கூட்டியே எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள்.

உங்கள் பிள்ளைகளின் பழைய பதிவுகளில் முழு உருவம் வரும் பகுதி எதுவாவது இருந்தால் இன்றே ஒரு பிரதி எடுத்து வையுங்கள். படித்தவர்கள் கமெண்டில் உங்களுக்குப் பிடித்த பாட்டுக் காட்சி ஒன்றையும், ஏன் பிடித்தது என்பதையும் எழுதுங்கள். "சூப்பர்" என்று மட்டும் எழுதினால் மதிப்பெண் கிடையாது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்