தாமரைக் குளத்தில் இறங்காத விண்கலம்



ஒரு திரைப்பட நெறியாளரை அவர் எடுத்து முடித்த படங்களைக் கொண்டே நாம் மதிப்பிடுகிறோம். எடுக்க எண்ணி முடியாமற்போன படங்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. வங்காளத்து மேதை சத்யஜித் ரேயின் வாழ்வில் அந்த வரலாறு சற்று நீளமானது. அதன் சில திருப்பங்கள் நமது இலங்கையிலே நிகழ்ந்தவை என்பதால், மடுல்கெல்லையில் வாழும் எனக்கு அதில் தனி ஈடுபாடு உண்டு.

மகாபாரதத்துச் சூதாட்டத்தைப் படமாக்க ரே விரும்பினார். அத்தனை பாத்திரங்களின் உறவுமுறையைக் கதையறியாத பிறநாட்டாருக்கு எவ்வாறு விளக்குவது என்ற சிக்கலில் அது நின்றது. 'எ பசேஜ் டு இந்தியா' நாவலைக் கேட்டு 1966இல் ஈ.எம். போஸ்டரைச் சந்தித்தார். அவர் இணங்கவில்லை.

மூன்றாவது முயற்சிதான் 'த ஏலியன்'. 1962இல் 'சந்தேஷ்' என்ற சிறுவர் சஞ்சிகையில் ரே எழுதிய கதையொன்றே அதன் வித்து. கொழும்பில் வாழ்ந்த எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் அந்த எண்ணத்தைத் தம் நண்பர் மைக் வில்சனிடம் கூறினார். சிங்களத்தின் முதலாவது முழுநீள வர்ணப்படமான 'ரன்முத்து தூவ'வை 1962இல் உருவாக்கியவர் வில்சன். 1967இல் அவர் கல்கத்தா சென்று உடனிருக்க, ரே திரைக்கதையை எழுதினார்.

வங்கக் கிராமமொன்றின் தாமரைக் குளத்தில் விண்கலம் இறங்குகிறது. மக்கள் அதைக் கோயிலென எண்ணி வணங்குகிறார்கள். உள்ளிருக்கும் சின்னஞ்சிறு விருந்தாளியோ ஏழைச் சிறுவன் ஒருவனின் கனவில் விளையாடி, பருவமல்லாத காலத்தில் பயிரை விளைவிக்கிறது. கொலம்பியா நிறுவனம் முன்வந்தது. பீட்டர் செல்லர்ஸ் நடிக்க இசைந்தார். ஆனால், ஹொலிவூட்டில் ரே கண்ட பிரதிகளில் பதிப்புரிமை வில்சனுக்கும் ரேக்கும் என அச்சாகியிருந்தது. எழுதியவர் அதைச் சற்றும் எதிர்பார்க்கவில்லை. செல்லர்ஸும் பின்னர் விலகினார். வில்சன் துறவு பூண்டு சுவாமி சிவ கல்கி ஆனார். படம் காகிதத்திலேயே தங்கிவிட்டது.

1982இல் ஸ்பீல்பேர்க்கின் 'ஈ.ரி.' வெளிவந்தது. தமது திரைக்கதைப் பிரதிகள் அமெரிக்காவில் உலவியிராவிட்டால் அப்படம் சாத்தியமாகியிராது என்றார் ரே. ஸ்பீல்பேர்க் மறுத்தார். அடுத்த ஆண்டே அவர் கண்டிப் பகுதிக்கு வந்து, வறண்டுபோன, குழந்தைகளைப் பறிகொடுத்த இந்தியக் கிராமமொன்றை இங்கே அமைத்து 'இந்தியானா ஜோன்ஸ்' வரிசையின் இரண்டாம் படத்தை எடுத்தார். 1984இல் அது திரைக்கு வந்தது. அதே ஆண்டில் போஸ்டரின் நாவலும் படமாகியது. நெறியாளர் டேவிட் லீன், முன்னர் கித்துல்கலையில் 'குவாய் நதிப் பாலம்' எடுத்தவர். ரேக்குக் கைகூடாதவற்றின் நிழல் இப்படி நம் மலைகளிலும் விழுந்தது.

1992இல் ரே மறைந்தார். திரைக்கதை 2018இல் நூலாகியது. 'ஈ.ரி.' வருவதற்குப் பதினைந்து ஆண்டுகள் முன்னரே, பிரதியில் அச்சான ஓர் உரிமை வரிதான் முதல் முட்டுக்கட்டையானது. நாடகமும் கதையும் எழுதும் நம் தோட்டத்து இளைஞர்களுக்கு நான் கூறுவது இதுதான்: பிரதியைப் பிறர் கையில் கொடுக்குமுன் உங்கள் பெயரையும் திகதியையும் அதில் எழுதுங்கள். ஒரு பிரதி வீட்டிலும் இருக்கட்டும்.