வாசல் வெளிச்சத்தில் ஒரு நூல்கண்டு

எம்பிராய்டரி நூல் வாங்க வரும் பெண்களைக் கவனிச்சிருக்கீங்களா? ஆங்கர் நூல்கண்டைக் கையில் எடுத்ததும் விலை கேட்க மாட்டாங்க. நேரா கடை வாசலுக்குப் போய், கொண்டுவந்த துணியையும் நூலையும் பகல் வெளிச்சத்தில் ஒட்டி வெச்சுப் பார்ப்பாங்க. கடைக்காரருக்கு எரிச்சலா இருக்கலாம். ஆனா அந்த வாசல் நடைக்குப் பின்னாடி ஒரு நல்ல சரித்திரம் இருக்கு மக்களே.

நீடில்பாயிண்ட்னு ஒரு கைவேலை. பொடிப்பொடி கட்டமா ஓட்டை இருக்கிற கான்வாஸில், அடித்துணியே தெரியாதபடி கம்பளியோ பட்டோ நூலால் நிரப்பித் தைப்பது. நாற்காலி மெத்தை, குஷன் உறை, செருப்பின் மேல்பாகம் வரைக்கும் இதில் செய்வார்கள். 1804-05 வாக்கில் பெர்லினில் பிலிப்சன் என்ற பட வியாபாரி, கட்டம் போட்ட தாளில் இதற்கான வண்ணப் படங்களை வெளியிட்டார். ஒரு கட்டத்துக்கு ஒரு தையல். பொட்டி தட்டுறவன் பாஷையில் சொன்னா, பிக்ஸல் :-) 1810-ல் விட்டிக் என்ற அம்மையார், அச்சுப்பட வியாபாரியான தன் கணவரையும் இதில் இறக்கிவிட, தொழில் சூடு பிடித்தது. அச்சடித்த தாளில் வண்ணத்தை மட்டும் கையால் தீட்டுவார்கள்.

1831-ல் லண்டன் ரீஜண்ட் தெருவில் கடை வைத்திருந்த வில்க்ஸ் என்பவர், பெர்லின் படங்களையும் மெரினோ கம்பளி நூலையும் நேரடியாக இறக்குமதி செய்ய ஆரம்பித்தார். அப்புறம் என்ன, இங்கிலாந்து முழுக்க 'பெர்லின் வேலை' பைத்தியம்தான். 1840-க்குள் 14,000 படங்கள் வெளிவந்துவிட்டதாக மிஸ் லாம்பர்ட் 1842-ல் தன் தையல் கையேட்டில் எழுதினார்.

இப்ப சிக்கலைப் பாருங்க. தாளில் இருப்பது தீட்டிய வண்ணம். கடையில் இருப்பது சாயம் ஏற்றிய கம்பளி. ஒரே ஒரு ரோஜா இதழுக்கு வெளிர் சிவப்பிலிருந்து அடர் சிவப்பு வரை நாலைந்து ஷேடு வேணும். கடையில் நின்று, படத்தையும் நூலையும் பக்கத்தில் வைத்து, கண்ணை நம்பித்தான் எடுக்கணும். அதிலும் கேஸ் விளக்கு வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரிந்த இரண்டு நிறம், பகலில் வேறுவேறாகத் தெரியலாம். இதுக்கு இன்றைய பெயர் மெட்டாமெரிசம். வாசலுக்குப் போவது இதனால்தான்.

ஆனா வாசல் வெளிச்சமும் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. 1856-ல் லண்டனில் வில்லியம் பெர்கின் என்ற 18 வயதுப் பையன், மலேரியா மருந்தான குவினைனைச் செயற்கையாகச் செய்யப் போய், தாரிலிருந்து கிடைக்கும் அனிலினில் ஓர் ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்தான். கொஞ்ச வருஷத்தில் மெஜந்தாவும் வந்தது. நூல் கடைகளில் கண்ணைப் பறிக்கிற நிறங்கள் குவிந்தன. இந்த முதல் தலைமுறைச் சாயங்களில் பலவும் வெயில் பட்டால் வெளுப்பவை. கடையில் நிற்கும்போது அது தெரியாதே! மாசக்கணக்கில் கண்ணு வலிக்கத் தைத்து முடித்து, ஜன்னலோரம் நாற்காலியைப் போட்ட பிறகுதான் தெரியும்.

இந்தக் கோபத்தில்தான் வில்லியம் மாரிஸ் 1875-லிருந்து ஸ்டாஃபோர்ட்ஷையரின் லீக் ஊரில், தாமஸ் வார்டிலோடு சேர்ந்து, அவுரி நீலம் மாதிரியான பழைய தாவரச் சாயங்களைத் திரும்பக் கொண்டுவர மெனக்கெட்டார். தாமஸின் மனைவி எலிசபெத் 1879-ல் அங்கே ஒரு எம்பிராய்டரி சங்கமே ஆரம்பித்தார்.

இன்று எல்லாத்துக்கும் நம்பர் இருக்கு. பிரான்ஸின் டி.எம்.சி. காட்டன் நூலில் 310 என்றால் கறுப்பு. உலகத்தில் எங்கே கேட்டாலும் அதேதான். சாயங்களும் பல மடங்கு தேறிவிட்டன. அப்போ உட்கார்ந்த இடத்திலிருந்தே ஆர்டர் பண்ணிடலாமே? பண்ணலாம். ஆனா மானிட்டர் காட்டுவது ஒளியை, நூல் காட்டுவது சாயத்தை. கம்பளி நூலில் நம்பர் ஒன்றானாலும் சாயத்தொட்டி மாறினால் நிறம் ஒரு இழை தப்பும். குஷன் பின்னணியில் பாதியில் ஒரு கோடு விழுந்தால், பார்க்கிற எல்லாருக்கும் அதுதான் முதலில் கண்ணில் படும். அதனாலதான் விஷயம் தெரிந்தவர்கள் மொத்த நூலையும் நேரில் பார்த்து, ஒரே லாட்டில் வாங்குவார்கள்.

பழைய பெர்லின் வேலை எங்காவது கண்ணில் பட்டால், முடிந்தால் திருப்பிப் பாருங்க. முன்பக்கம் சோகையா வெளுத்திருக்கும். வெளிச்சம் படாத பின்பக்கத்தில், முடிச்சுகளுக்கு நடுவே, அன்றைக்கு யாரோ ஒருத்தி கடையில் நின்று ஆசையாத் தேர்ந்தெடுத்த அந்த ஊதா இன்னும் பளிச்சுனு இருக்கும்.