உலர் வலயத்தில் ஏன் வெள்ளம்?



மார்கழியில் நம் வீதியெல்லாம் வெள்ளம். பாடப்புத்தகத்திலோ நாம் இருப்பது 'உலர் வலயம்'. பிள்ளைகள் கேட்பது நியாயமான கேள்விதான்.

கிரேக்கர்கள் சூரியக் கதிரின் சாய்வை வைத்து உலகைப் பட்டிகளாகப் பிரித்தார்கள். சாய்வுக்கு அவர்கள் வைத்த 'கிளிமா' என்ற சொல் அரபியில் 'இக்லீம்' ஆனது. 1154இல் சிசிலி மன்னர் இரண்டாம் ரொஜருக்காக அல்-இத்ரீஸி முடித்த புவியியல் நூலும் ஏழு இக்லீம்களாகவே அமைந்தது.

ஆனால் அகலக்கோடு மட்டும் போதாது. நுவரெலியாவும் நம் கிழக்குக் கரையும் ஏறக்குறைய ஒரே அகலக்கோடுதான். அங்கே கம்பளி, இங்கே வியர்வை. உயரம், காற்று, மலை, கடல் எல்லாம் சேர வேண்டும். தாவரங்கள் எங்கே வளர்கின்றன என்று கவனித்த விளாடிமிர் கொப்பன், 1900இல் வெப்பத்தையும் மழையையும் மழை பெய்யும் பருவத்தையும் அளவுகோலாக்கினார்.

அந்தப் பருவம்தான் நமக்கு விடை. தென்மேல் பருவக்காற்று மேற்குச் சரிவில் மழையை இறக்கிவிட்டு, நம்மிடம் கச்சானாக வரண்டு வருகிறது. நம் மழையின் பெரும்பகுதி வடகீழ்ப் பருவக்காற்றையொட்டிச் சில மாதங்களில் கொட்டிவிடுகிறது. ஆண்டுக்கு 1,750 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் உலர் வலயம். அது ஆண்டுக் கணக்கு. வெள்ளம் மாதக் கணக்கு.

பெயரை நம்பி வாய்க்கால்களை மூடிக் கட்டாமல் இருப்போம்.