டிவிடி மண்டலக் குறியீடு

டிவிடி மண்டலக் குறியீடு என்பது ஒரு திரைப்பட டிவிடி வட்டு, உலகின் எப்பகுதியில் விற்கப்பட்ட பிளேயர்களில் ஓடலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் முறை ஆகும். வட்டின் குறியீடும் பிளேயரின் குறியீடும் பொருந்தாவிடில் படம் ஓடாது. இந்நிலையில் வட்டில் கீறல் எதுவும் இருக்காது. பிளேயரிலும் பழுது இருக்காது. பிளேயரால் வட்டைப் படிக்க முடிகிறது, ஆனால் காட்டுவதற்கு அதற்கு அனுமதி இல்லை.

பின்னணி

டிவிடி 1996 நவம்பரில் யப்பானிலும் 1997 மார்ச்சில் அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்தது. அக்காலத்தில் ஹாலிவுட் படங்கள் எல்லா நாடுகளிலும் ஒரே நாளில் திரையிடப்படவில்லை. அமெரிக்கக் கடைகளில் வட்டாக வந்துவிட்ட படம் வேறு நாடுகளில் திரையரங்கிற்கே வராமல் இருந்ததுண்டு. வட்டு முந்திக்கொண்டால் திரையரங்க வசூல் குறையும் என்றும், நாடுதோறும் தனித்தனியே விற்ற விநியோக உரிமைகள் பொருளற்றுப் போகும் என்றும் படநிறுவனங்கள் அஞ்சின. எனவே வட்டுகளை மறையாக்கம் செய்யும் சி.எஸ்.எஸ். முறைக்கான உரிமத்தில் மண்டலக் குறியீடும் ஒரு நிபந்தனையாகச் சேர்க்கப்பட்டது. அவ்வுரிமம் பெறும் பிளேயர் உற்பத்தியாளர் மண்டலச் சோதனையையும் செய்தாக வேண்டும்.

மண்டலங்கள்

மண்டலம் 1 அமெரிக்காவும் கனடாவும் ஆகும். ஐரோப்பா, யப்பான், மத்திய கிழக்கு, தென்னாப்பிரிக்கா ஆகியவை 2. தென்கிழக்கு ஆசியா, தென்கொரியா, தாய்வான், ஹொங்கொங் 3. ஆத்திரேலியா, நியூசிலாந்து, மெக்சிக்கோ, தென்னமெரிக்கா 4. இந்தியா, இலங்கை, ரசியா, ஆப்பிரிக்காவின் பெரும்பகுதி ஆகியவை 5இல் அடங்கும். சீனப் பெருநிலம் 6. மண்டலம் 8 வானூர்தி, பயணக் கப்பல் போன்றவற்றிற்கு உரியது.

தமிழர் வாழும் நாடுகள் இவற்றுள் ஐந்து மண்டலங்களில் சிதறிக் கிடக்கின்றன: தொரன்டோ 1, இலண்டன் 2, சிங்கப்பூர் 3, சிட்னி 4, சென்னையும் யாழ்ப்பாணமும் 5. தமிழ்ப்பட வட்டுகள் பெரும்பாலும் எல்லா மண்டலங்களுக்குமாக வெளியிடப்பட்டதால் அவற்றில் இச்சிக்கல் அரிது. வெளிநாட்டு உறவினர் வாங்கி அனுப்பும் ஆங்கிலப் படங்களிலேயே இது மிகுதி. பதவியில் இருப்போரும் இதற்கு விலக்கல்ல. 2009இல் அமெரிக்க அதிபர் ஒபாமா பிரித்தானியப் பிரதமர் கோர்டன் பிரவுனுக்கு 25 அமெரிக்கப் படங்களின் டிவிடிகளைப் பரிசளித்தார். அவை மண்டலம் 1 வட்டுகள் என்பதால் இலண்டனில் ஓடவில்லை என்று அந்நாட்டு நாளிதழ்கள் எழுதின.

செயற்பாடு

வட்டின் முதன்மைக் கோப்பில் எட்டு பிட்டுகள் கொண்ட ஒரு பைட்டு இதற்கென உள்ளது. ஒவ்வொரு பிட்டும் ஒரு மண்டலத்தைக் குறிக்கும். 1 எனில் தடை, 0 எனில் அனுமதி. எட்டும் 0 ஆக உள்ள வட்டு எங்கும் ஓடும். "மண்டலம் 0" என்று கடைகளில் வழங்கப்பட்டது இதுவே. அப்படி ஒரு மண்டலம் தரப்பாட்டில் இல்லை.

எல்லா மண்டல வட்டுகளையும் ஏற்கும்படி மாற்றப்பட்ட பிளேயர்கள் பெருகவே, 2000 அளவில் சில படநிறுவனங்கள் இன்னொரு சோதனையைச் சேர்த்தன. வட்டிலுள்ள சிறு நிரல் பிளேயரின் மண்டல எண்ணைக் கேட்கும். திட்டவட்டமான விடை கிடைக்காவிடில் எச்சரிக்கைத் திரையைக் காட்டி நின்றுவிடும். அத்தகைய வட்டுக்குப் பிளேயரைப் பொதுநிலையில் விடாமல், உரிய மண்டல எண்ணிலேயே வைக்க வேண்டும்.

வீட்டுப் பிளேயரில் தீர்வு

பல பிளேயர்களில் தொலையியக்கியில் குறிப்பிட்ட எண்களை வரிசையாக அழுத்தினால் மறைவான பட்டியல் ஒன்று திறக்கும். அங்கு மண்டலத்தை மாற்றலாம். வரிசை மாதிரிக்கு மாதிரி வேறுபடும். பொருந்தாத நிலைப்பொருளை ஏற்றினால் பிளேயர் முற்றாகச் செயலிழக்கக்கூடும்.

மண்டலத்தை மாற்றியபின் படம் கறுப்பு வெள்ளையாகத் தெரிந்தாலோ உருண்டுகொண்டே இருந்தாலோ அது வேறு சிக்கல். அமெரிக்க, யப்பானிய வட்டுகள் என்.டி.எஸ்.சி. முறையையும், இந்தியா, இலங்கை, பிரித்தானியா ஆகியவற்றின் தொலைக்காட்சிகள் பால் முறையையும் சார்ந்தவை. யப்பானும் பிரித்தானியாவும் ஒரே மண்டலத்தில் இருந்தும் ஒளிபரப்பு முறையில் வேறுபடுவது இவ்விரண்டும் தனித்தனிச் சிக்கல்கள் என்பதற்குச் சான்று.

கணினியில் தீர்வு

கணினியில் கூடுதல் கவனம் தேவை. 2000 சனவரி 1 முதல் தயாரிக்கப்பட்ட டிவிடி இயக்ககங்களில் மண்டலச் சோதனை இயக்ககத்தின் உள்ளேயே நடைபெறுகிறது, ஆர்.பி.சி.-2 என்பது இம்முறையின் பெயர். பயனர் மண்டலத்தை ஐந்து முறை மட்டுமே மாற்றலாம். ஐந்தாவது மாற்றத்தில் எந்த எண் இருக்கிறதோ, அதுவே நிலைத்துவிடும். எண்ணிக்கை இயக்ககத்தில் பதிவதால், இயங்குதளத்தை மீண்டும் நிறுவினாலும் வேறு கணினியில் பொருத்தினாலும் பழைய நிலைக்குத் திரும்பாது.

வேற்று மண்டல வட்டை இட்டதும் படமோட்டும் மென்பொருள் "மண்டலத்தை மாற்றலாமா?" என்று கேட்பதுண்டு. ஆராயாமல் சம்மதித்தால் ஒரு வாய்ப்பு செலவாகிவிடும். வாடகை வட்டுகளை மாற்றி மாற்றிப் பார்த்த ஒருவர் ஒரே மாலையில் ஐந்தையும் இழக்க முடியும். எஞ்சிய வாய்ப்புகளை விண்டோசில் டிவைஸ் மேனேஜரில், இயக்ககத்தின் பண்புகளில் காணலாம். திறந்த மூல மென்பொருளான வி.எல்.சி. பல இயக்ககங்களில் மண்டலத்தை மாற்றாமலே படத்தைக் காட்டும். சில இயக்ககங்கள் அதற்கும் இடந்தருவதில்லை. இரு மண்டல வட்டுகளை அடிக்கடி பார்ப்போர் இரண்டாவது யு.எஸ்.பி. இயக்ககம் ஒன்றை வாங்கி, அதை மற்ற மண்டலத்தில் நிலைநிறுத்திவிடுவதே நல்லது.

சட்ட நிலை

விலை கொடுத்து வாங்கிய வட்டைப் பார்க்க விடாத இம்முறை நுகர்வோருக்கு எதிரானது என்ற விமர்சனம் தொடக்கம் முதலே உண்டு. ஆத்திரேலியா 2006இலும் நியூசிலாந்து 2008இலும் தம் பதிப்புரிமைச் சட்டங்களைத் திருத்தியபோது, சந்தையைப் புவியியல்படி பிரிக்க மட்டுமே பயன்படும் கட்டுப்பாட்டைச் சட்டப் பாதுகாப்பிலிருந்து விலக்கின.

பிந்தைய வட்டுகள்

புளூ-ரே வட்டில் மண்டலங்கள் ஏ, பி, சி என மூன்றாகக் குறைந்தன. இந்தியா சி மண்டலத்தில் உள்ளது. 2016இல் வெளிவந்த 4கே அல்ட்ரா எச்டி புளூ-ரே வட்டுகளுக்கு மண்டலக் குறியீடு இல்லை. ஆயினும் அதே பிளேயரில் பழைய டிவிடியை இட்டால், டிவிடிக்குரிய மண்டலச் சோதனை வழக்கம்போல் நடைபெறும்.